தோசைக் கரண்டி மாதிரி ஒரு ஸ்கீ

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் இதுவரைக்கும் பனியைத் தொட்டதே இல்லை. வீட்டு ஃப்ரீசரில் உறைந்து கிடப்பதை ஸ்பூனால் சுரண்டியதோட சரி. அப்படிப்பட்டவன் ஒரு பனிச்சறுக்கு வீரரைப் பற்றி எழுதினால் நீங்க ஏன் படிக்கணும்?

ஏன்னா இது டிசைன் பற்றிய கதையும்கூட. எல்லாரும் பல வருஷமா சரின்னு நம்பிய ஒரு வடிவத்தை ஒருத்தர் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அது ஜெயித்தது. அதே மனுஷர் இன்னொரு இடத்தில், காலில் இருந்த ஸ்கீ கழலாததால் இறந்துபோனார். அவர் பெயர் ஷேன் மெக்கான்கி. அவர் இறந்த 2009 மார்ச்சில் நம்ம பேட்ச் எல்.கே.ஜி. படிச்சிட்டிருந்தோம்.

பனியில் பிறந்தவர்

1969 டிசம்பர் 30, கனடாவின் வான்கூவர். அப்பா ஜிம் மெக்கான்கி அந்தக் காலத்திலேயே பெரிய பெயர் எடுத்த ஸ்கீ வீரர், பயிற்சியாளர். அம்மா கிளென்னும் பந்தய வீராங்கனை. ஷேன் சின்னப் பையனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனார்.

பந்தய வீரன் ஆகணும் என்பதுதான் அவருடைய முதல் கனவு. அதுக்காகவே வெர்மான்டில் இருக்கும் பர்க் மவுன்டன் அகாடமியில் சேர்ந்தார். நம்ம ஊரில் ஜே.இ.இ.க்குன்னே நடத்துற ரெசிடென்ஷியல் ஸ்கூல் மாதிரி, அது ஸ்கீ பந்தயத்துக்குன்னே இருக்கிற பள்ளி. ஆனா அமெரிக்க அணியில் அவருக்கு இடம் கிடைக்கலை. அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அதையும் பாதியில் விட்டார்.

இதைப் படிச்சுட்டு யாரும் நாளைக்கே டி.சி. வாங்கப் போயிடாதீங்க. அவர் படிப்பை விட்டாரே தவிர, ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்கிற பழக்கத்தைக் கடைசி வரைக்கும் விடலை.

மேடு பள்ளமான சரிவில் இறங்கும் மோகல் போட்டிகளில் கலந்துகொண்டார். வெயில் என்ற ரிசார்ட்டில் நடந்த ஒரு போட்டியில், அன்றைய விதிப்படி தடை செய்யப்பட்டிருந்த பேக்ஃப்ளிப்பை வேணும்னே அடித்தார். தகுதி நீக்கம் செய்தார்கள். உடனே மேலே போய், உடம்பில் துணியே இல்லாமல் அதே சரிவில் இறங்கிக் காட்டினார். ரிசார்ட்டுக்குள் வரவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க.

அப்புறம் கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலி அவருடைய வீடானது. இப்போ அந்த இடத்துக்குப் பெயர் பாலிசேட்ஸ் டாஹோ. அங்கிருந்துதான் மேட்ச்ஸ்டிக் புரொடக்‌ஷன்ஸ் எடுத்த ஸ்கீ படங்களில் நட்சத்திரமானார். சாசர் பாய் என்று ஒரு கோமாளி வேஷமும் போடுவார். ஆனா வெறும் கோமாளின்னு நினைச்சுடாதீங்க. போட்டி விதிகளையும் பாதுகாப்பையும் வீரர்களே கவனிச்சுக்கணும் என்று 1996இல் சர்வதேச ஃப்ரீஸ்கீயர்ஸ் சங்கத்தைத் தொடங்கியதும் இதே ஆள்தான்.

உடுக்கை வடிவம் எதுக்கு?

கதைக்கு நடுவில் கொஞ்சம் டெக்னிக்கல். மெக்கானிக்கல் பசங்களுக்கு ஈஸி, மத்தவங்களும் பயப்படாதீங்க.

ஒரு சாதாரண ஸ்கீயை மேலிருந்து பாருங்க. உடுக்கை மாதிரி இருக்கும். முன்முனை அகலம், வால் அகலம், நடுவில் இடுப்பு ஒல்லி. இதுக்கு சைடுகட் என்று பெயர். ஸ்கீயைப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்த வளைந்த ஓரம் பனியில் ஒரு வில் வரையும். அந்த வில்லின் மேலேயே நீங்க திரும்புவீங்க.

இப்போ பக்கத்திலிருந்து பாருங்க. தரையில் வைத்தால் இரண்டு முனைகளும் தரையைத் தொடும், நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கும். இது கேம்பர். லாரியின் லீஃப் ஸ்பிரிங்கை நினைச்சுக்கோங்க. நீங்க நடுவில் ஏறி நின்றதும் அது தட்டையாகும், உங்க எடை முனைகள் வரைக்கும் பரவும், ஓரம் முழுக்கப் பனியைக் கடிக்கும். இறுகிய பனியில் இதைவிட நல்ல டிசைன் கிடையாது.

பிரச்சினை எங்கே வருதுன்னா, புதுசா விழுந்த பவுடர் பனியில். அங்கே கடிக்க எதுவுமே இல்லை. பனி கிட்டத்தட்ட திரவம் மாதிரி நடந்துக்கும். ஒல்லியான ஸ்கீ உள்ளே மூழ்கும். அகலமான முன்முனை பனிக்குள் மாட்டிக்கிட்டு, நீங்க கேட்காமலேயே ஒரு பக்கம் இழுக்கும். முனை புதையாமல் இருக்க நீங்க பின்னாடி சாய்ந்து நிற்கணும். கொஞ்ச நேரத்திலேயே தொடை எரிய ஆரம்பிச்சுடும்.

அப்போ எல்லாரும் என்ன சொன்னாங்க? இன்னும் நல்லா ஸ்கீ ஓட்டக் கத்துக்கோன்னு சொன்னாங்க. ஸ்கீயை யாரும் சந்தேகப்படலை.

யாருமேன்னு சொன்னா அது தப்பு. 1988 வாக்கில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனியில் ரூபர்ட் ஹூபர் என்பவர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அதையே அகலமான ஸ்கீ ஆக்கிப் பார்த்தார். பவுடர் பிளஸ் என்று அது விற்பனைக்கு வந்தது. ஆனா நல்ல வீரர்கள் அதைத் தொட வெட்கப்பட்டார்கள். ஹெலிகாப்டரில் வரும் வயசான பணக்காரர்களுக்கான குண்டு ஸ்கீ என்று கிண்டல் வேற. சைக்கிளுக்கு ட்ரெயினிங் வீல் போட்ட மாதிரி பார்த்தாங்க.

அந்தக் கிண்டலைக் கண்டுக்காமல் அகல ஸ்கீயை எடுத்து மாட்டிக்கொண்ட முன்னணி வீரர்களில் மெக்கான்கி ஒருத்தர். அவருக்கு ஸ்பான்சர் வோலன்ட் என்ற அமெரிக்க கம்பெனி. அவர்களுடைய சப் என்ற ஸ்கீயின் இடுப்பு சுமார் 90 மி.மீ. மத்தவங்க எல்லாம் 60 சொச்சத்தில் ஓட்டிக்கிட்டிருந்த காலம் அது.

நாப்கினில் ஒரு படம்

அகலம் மட்டும் போதலைன்னு அவருக்குத் தோணிடுச்சு. பவுடர் பனி தண்ணீர் மாதிரி நடந்துக்குதுன்னா, தண்ணீரில் போகிற பொருள்கள் எப்படி இருக்கு? வாட்டர் ஸ்கீ, சர்ஃப் போர்டு, படகு எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. முன்முனை மேலே தூக்கி இருக்கும். அகலம் நடுப்பகுதியில் இருக்கும். ஒன்றுகூட உடுக்கை வடிவத்தில் இல்லை.

1996இல் அர்ஜென்டினாவில் ஒரு பாரில் உட்கார்ந்து, ஒரு நாப்கினில் இதை வரைந்தார். நடுவில் அகலம், முனைகள் ஒல்லி. நடுப்பகுதி தரையில், முனைகள் மேலே. சைடுகட்டும் தலைகீழ், கேம்பரும் தலைகீழ். ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி இருப்பதால் இந்த வளைவுக்கு இன்றைக்கு ராக்கர் என்று பெயர்.

நாப்கினிலிருந்து ஃபேக்டரிக்குப் போக எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அஞ்சு வருஷத்துக்கு மேல். அந்தச் சமயத்தில் ஸ்கீ உலகம் முழுக்க சைடுகட்டை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தது. பார்க்கவே உடுக்கையாக இருக்கும் பார்பாலிக் ஸ்கீதான் எல்லா கடையிலும் புதுசு. அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து, இடுப்பு இல்லாமல் தொப்பை உள்ள ஸ்கீ செய்யுங்கன்னு கேட்டால்? நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இதைச் சொன்னால் முதல் ஸ்லைடிலேயே உட்காரச் சொல்லிடுவாங்க.

ஆனா அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். சொல்ல வந்ததை நிரூபிக்க, அலாஸ்காவுக்கு நிஜ வாட்டர் ஸ்கீயையே எடுத்துப் போய், அதில் ஸ்கீ பைண்டிங்கை முடுக்கி, செங்குத்தான மலையில் இறங்கிக் காட்டினார். அந்த வீடியோ இன்னைக்கும் கிடைக்குது. பார்த்தால் சிரிப்பு வரும். சிரிச்சு முடிச்சதும், அட, இது வேலை செய்யுதே என்று தோணும். அவருடைய பாணியே அதுதான்.

கடைசியில் வோலன்டில் பீட்டர் டர்னர் போன்ற டிசைனர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். 2002இல் விற்பனைக்கு வந்தது. கால் வைக்கும் இடத்தில் அகலம் 125 மி.மீ. பெயர் ஸ்பாட்சுலா. அதாவது நம்ம வீட்டு தோசைக் கரண்டி.

65 மி.மீ. எங்கே, 125 எங்கே. அழுத்தம் என்பது எடை வகுத்தல் பரப்பு என்று ஒன்பதாம் வகுப்பில் படிச்சிருப்பீங்க. பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானால் அழுத்தம் பாதியாகுது, ஸ்கீ மிதக்குது. முனைகள் தூக்கியிருப்பதால் புதையாது. முனைகள் ஒல்லியாக இருப்பதால் எங்கேயும் மாட்டிக்காது. படகு மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகலாம். வேகத்தைக் குறைக்கணுமா, குறுக்கே திருப்பி வழுக்க விட்டால் போதும்.

அந்த ஸ்கீக்காக அவரே ஒரு வழிகாட்டியும் எழுதினார். அதுவரை கத்துக்கிட்டதை எல்லாம் மறந்துடுங்க என்பதுதான் அதன் சாரம். அதே சமயம் இறுகிய பனியில் இது சரிப்படாது என்பதையும் அவர் மறைக்கலை. உண்மையில் அங்கே அது படுமோசம். ஓரத்தில் பிடிமானமே இருக்காது. ஒரு நிலத்துக்குச் சரியான டிசைன் இன்னொரு நிலத்துக்குத் தப்பு. சைடுகட்டைக் கண்டுபிடிச்சவங்களும் முட்டாள்கள் இல்லை. அவங்க வேற பனிக்காக யோசிச்சாங்க.

அப்புறம் அவர் கே2 கம்பெனிக்குப் போனார். 2006இல் பான்டூன் வந்தது. முன்முனை 160, நடுவில் 130, வால் 120 மி.மீ. மூன்று எண்ணையும் கவனிங்க. முன்பக்கம் கொஞ்சம் உடுக்கை திரும்ப வந்திருக்கு, வால் மட்டும் ஒல்லியாகவே இருக்கு. தன்னுடைய முதல் டிசைனையே பிடிச்சுக்கிட்டு அவர் தொங்கலை. அதையும் திருத்தினார். எனக்கு நாப்கின் கதையைவிட இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இன்னைக்கு ஒரு ஸ்கீ வாங்கப் போனால்

இதே காலத்தில் இன்னொரு பக்கம் இன்னொரு கலகம். கனடாவின் மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர் முதலான இளைஞர் கூட்டம் ஒன்று, வாலையும் முன்முனை மாதிரியே மேலே வளைச்சுக் கொடுங்க, நாங்க பின்பக்கமாகவும் இறங்கணும் என்று கம்பெனி கம்பெனியாகக் கேட்டார்கள். பல பேர் கையை விரிச்ச பிறகு சாலமன் ஒத்துக்கொண்டது. 1998இல் டென்எய்ட்டி வந்தது. இரண்டு முனையும் வளைந்த ஸ்கீ அதுக்கு முன்னாடியும் உண்டு, ஆனா ட்வின் டிப் என்பது ஊருக்கே தெரிஞ்சது இதற்கப்புறம்தான்.

இன்றைக்குக் கடையில் ஆல்-மவுன்டன் ஃப்ரீஸ்டைல் என்று ஒரு வகை இருக்கும். அகலமான ட்வின் டிப். மலை முழுக்க எங்கே வேணும்னாலும் ஓட்டலாம், குதிக்கலாம், சுத்தலாம், பின்பக்கமாக இறங்கலாம். இந்த வகைக்கு வால் கொடுத்தது கனடாக் கூட்டம். அகலத்தையும் ராக்கரையும் ஊருக்குப் பழக்கியது மெக்கான்கி.

என்னைக்காவது சம்பாதிச்சு குல்மார்க் பக்கம் போனீங்கன்னா, அங்கே ஸ்கீ எடுக்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பார்க்கில் ரெயில், ஜம்ப் மட்டும்தான்னா இடுப்பு 90 மி.மீ.க்குள் போதும். எல்லாம் கலந்து ஓட்டணும்னா 95 முதல் 105 வரை நல்ல நடுவாந்திரம். பவுடரே வாழ்க்கைன்னா 110க்கு மேல் போகலாம், ஆனா இறுகிய பனியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்ற முழங்கால் பாடுபடும். பல ஸ்கீக்களில் இப்போ இரண்டும் கலந்து வருது. நடுவில் கேம்பர், முனைகளில் ராக்கர். முனைகள் தரையைத் தொடாததால் ஓட்டும்போது ஸ்கீ குட்டையாகத்தான் தெரியும், அதனால் கிட்டத்தட்ட உங்க உயரத்துக்கே எடுக்கலாம். பின்பக்கமாக நிறைய இறங்குவீங்கன்னா பைண்டிங்கை நடுமையத்துக்குப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்க. பைண்டிங்கின் பிரேக் ஸ்கீயின் அகலத்தைத் தாண்டி இருக்கான்னு பாருங்க.

முக்கியமா, விழுந்தால் பைண்டிங் உங்க காலை எவ்வளவு விசையில் விடணும் என்று ஒரு செட்டிங் இருக்கும். உங்க எடை, உயரம், வயசு, ஷூ நீளம், எவ்வளவு நல்லா ஓட்டுவீங்க என்பதை எல்லாம் வச்சுத்தான் அதைக் கணக்கிடுவாங்க. நண்பன் வச்ச நம்பரையே நீங்களும் வைக்காதீங்க. ரொம்பச் சீக்கிரம் கழன்றாலும் ஆபத்து, கழலவே இல்லைன்னாலும் ஆபத்து.

இந்தக் கடைசி வரியில்தான் அவருடைய கதை முடியுது.

சாஸ் பொர்டோய்

மலைகளில் இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் அவர் பாறை உச்சிகளிலிருந்து பாராசூட்டோடு குதிக்க ஆரம்பித்தார். பேஸ் ஜம்பிங். 700க்கும் மேற்பட்ட தடவை குதித்திருக்கிறார். பிறகு ஜே.டி. ஹோம்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து இரண்டையும் இணைத்தார். ஸ்கீயில் வேகமாக வந்து மலை விளிம்பைத் தாண்டுவது, காற்றில் ஸ்கீயைக் கழற்றி விடுவது, பாராசூட்டை விரிப்பது. 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத்தில் ஒரு ஸ்கீ குதிப்பு வருமே, அதையே திரும்பச் செய்து காட்டியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையிலும் ஸ்கீயோடு குதித்திருக்கிறார்.

அப்புறம் அதோடு விங்சூட்டும் சேர்ந்தது. கைக்கும் உடம்புக்கும், கால்களுக்கும் நடுவில் துணி வைத்த உடை. அதைப் போட்டால் பாறையை விட்டு விலகிப் பறக்க முடியும். ஆனா ஸ்கீ காலில் இருக்கும்வரை பறக்க முடியாது. காற்று ஸ்கீயைப் பிடித்து உடம்பையே உருட்டிவிடும். அந்த நிலையில் பாராசூட்டை விரித்தால் கயிறுகள் ஸ்கீயில் சிக்கலாம். அதனால் காற்றிலேயே கையால் இழுத்து பைண்டிங்கை விடுவிக்க ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். பல தடவை அது சரியாக வேலை செய்திருந்தது.

2009 மார்ச் 26. இத்தாலியின் டோலமைட் மலைகளில் சாஸ் பொர்டோய். படப்பிடிப்பு. ஹோம்ஸ் முதலில் குதித்துப் பத்திரமாக இறங்கினார். அடுத்து மெக்கான்கி. விளிம்பைத் தாண்டி இரண்டு பேக்ஃப்ளிப். அது சுத்தமாக முடிந்தது. இழுத்தார். ஸ்கீ கழலலை.

கால் பக்கம் கையைக் கொண்டுபோய் நேரடியாகக் கழற்ற முயன்றார். அந்த முயற்சியில் உடம்பு தலைகீழானது. கடைசியில் கழற்றியும் விட்டார். ஆனா அதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. பாராசூட் விரிய இடம் இல்லை.

வயசு 39. வீட்டில் மனைவி, 3 வயசுப் பெண் குழந்தை.

விளையாட்டுத்தனமாக இறந்துட்டார் என்று சொல்றவங்க இருக்காங்க. கூடக் குதித்தவர்கள் பார்த்த மெக்கான்கி வேற ஆள். நுணுக்கமாகத் திட்டம் போடுவார், சரியாத் தோணலைன்னா இறங்கி வந்துடுவார். அப்படிப்பட்டவருக்கே ஒரே ஒரு இணைப்பு கைவிட்டது. அது கைவிட்டால் அடுத்த வழிக்கு வேண்டிய நேரத்தை அந்த உயரம் கொடுக்கலை. அவரைக் குறை சொல்ல இதை எழுதலை. எழுதும்போது எனக்கே கை கொஞ்சம் நடுங்குது.

இன்னைக்கு ஏதாவது ஒரு ஸ்கீ கடைக்குள் போய்ப் பாருங்க. பவுடர் ஸ்கீ மட்டும் இல்லை, சாதாரண ஸ்கீயில்கூட முனை கொஞ்சம் தூக்கி இருக்கும். அது அந்த நாப்கினின் வாரிசு. அமெரிக்க ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இருக்கு. அவருடைய ஸ்குவா வேலியில் ஈகிள்ஸ் நெஸ்ட் என்ற செங்குத்தான இடத்துக்கு மெக்கான்கீஸ் என்றே பெயர் மாற்றிட்டாங்க.

நம்ம லேபுக்கு வருவோம்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், சாதா வீல்சேரில் மாட்டும் ஒரு மோட்டார் கிட். முதல் ரிவ்யூவில் இந்த தடிமன் ஏன் எடுத்தீங்கன்னு கேட்டாங்க. போன வருஷ சீனியர்கள் ரிப்போர்ட்டில் இருந்தது என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல முடியாமல் நாலு பேரும் தரையைப் பார்த்துட்டு நின்னோம். அன்னைக்கு ராத்திரிதான் தூக்கம் வராமல் அந்த வாட்டர் ஸ்கீ வீடியோவில் போய் விழுந்தேன்.

அடுத்த வாரம் கணக்கை முதலிலிருந்து போட்டோம். தடிமன் குறைஞ்சது, எடையும் குறைஞ்சது. அந்தப் பாதி மெக்கான்கி சொல்லிக் கொடுத்தது.

அவர் இறந்த விதத்தைப் படிச்ச பிறகு இன்னொன்றும் உறுத்துச்சு. எங்க கிட்டில் ஒரு அவசர ஸ்விட்ச் இருக்கு, அழுத்தினால் ரிலே மோட்டாரை நிறுத்தணும். அதை நாங்க எப்போதும் மேசை மேல் வைத்து, சக்கரம் காற்றில் சுத்தும்போதுதான் சோதிச்சிருந்தோம். ஒருத்தனை உட்கார வைத்து, சாய்வுப் பாதையில் ஏற்றி அழுத்திப் பார்த்தோம். முதல் இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை நிற்கலை. ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே இரண்டு பேர் பிடிச்சுக்க நின்னதால் தப்பிச்சோம்.

இப்போ பெரிய ரிலே போட்டிருக்கோம். அதுபோக, பேட்டரி ஒயரையே கையால் பிடுங்கி விடுகிற மாதிரி ஒரு சிவப்புப் பிளக்கும் உட்காருபவரின் கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கு. ரிவ்யூவில் அது எதுக்குன்னு கேட்டாங்க. இந்தத் தடவை எங்ககிட்ட பதில் இருந்துச்சு.

உங்க ப்ராஜெக்டிலும் அப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கும். இந்த வாரமே ஒரு தடவை லோடு வச்சு அழுத்திப் பாருங்க.